வளையல் துரைசானி

வளையல் துரைசானிக்கு வளையல் போடத் தெரியாது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் முழுக்க அவருக்கு அந்தப் பெயர்தான், ஆனாலும் உண்மை இது. கண்ணாடி வளையலை ஒரு பெண்ணின் கையில் ஏற்ற வேண்டுமானால் எண்ணெய் வேண்டும், விரல் முட்டிகளை அமுக்கிக் கையைக் குவிக்கும் பக்குவம் வேண்டும், பொறுமை வேண்டும். துரைசானியிடம் எண்ணெய் மட்டும் இருந்தது.

அவர் இறந்தபோது ஆங்கிலப் பத்திரிகையில் இரண்டு வரி வந்தது. பிரபு குடும்பத்துப் பெண்மணி, நாவலாசிரியை, தர்ம சிந்தனை உள்ளவர் என்று. கல்லறையில் வெட்டுவதற்கு அது போதும். அவரோடு பதினைந்து வருஷம் மல்லுக்கட்டிய எனக்குப் போதாது.

என் பெயர் பூமணி. யாழ்ப்பாணத்தில் பிறந்து, ரயில்வே கிளார்க் ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டுக் கோலாலம்பூருக்கு வந்தவள். மலேரியாவில் அவர் போன பிறகு தாதித் தொழில் படித்தேன். துரைசானியின் பிரசவ வீட்டில் தாதி நான்தான், அவருடைய இங்கிலீஷைத் தமிழாக்குபவளும் நான்தான். கோபம் எனக்குக் கூடப்பிறந்தது. இரண்டு முறை அந்த வேலையை உதறிவிட்டுப் போனேன். இரண்டு முறையும் திரும்பி வந்தேன்.

துரைசானியின் முழுப்பெயர் லேடி ஹாரியட் பென்ரிட்ஜ். இங்கிலாந்தில் ஒரு பிரபுவின் மகள், கல்யாணம் செய்துகொள்ளாதவர். ஏன் என்று ஒருநாள் கேட்டேன். மழை வரும்போலிருக்கிறது என்றார். அவர் எழுதிய நாவல்களில் ஒன்றைப் படித்துப் பார்த்திருக்கிறேன். முந்நூறு பக்கமும் பெரிய பெரிய வீடுகளில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டே ஒருவரையொருவர் குத்திப் பேசினார்கள். ஆனால் வாய்விட்டுச் சிரிக்க வைத்தது. மற்றவர்களைக் கேலி செய்வதில் துரைசானியின் பேனாவுக்கு அப்படி ஒரு கூர்மை. அந்தக் கூர்மைதான் பிறகு எங்கள் எல்லோரையும் கீறியது.

ஜெர்மன் சண்டை முடிந்த மறுவருஷம், 1919இல், அவர் மலாயாவுக்கு வந்தார். கிள்ளானுக்குப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் அவருடைய அண்ணன் மகன் ராபர்ட் துரையாக இருந்தான். அங்கே மூன்று மாதம் விருந்தாளியாக இருந்துவிட்டுத் திரும்புவதாக ஏற்பாடு. தோட்டத்துக் கூலிகள் குடியிருக்கும் லயத்தில் ஒரு பெண் பிரசவத்தில் செத்ததை அவர் பார்க்க நேர்ந்தது. மற்றத் துரைசானிகளும் அப்படிப் பார்த்திருப்பார்கள், பார்த்துவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு நடந்திருப்பார்கள். இவர் ஊருக்குத் திரும்பும் கப்பலை விட்டுவிட்டார். நாவல் எழுதிச் சேர்த்த பணத்தில் பிரிக்பீல்ட்ஸில் ரயில் பாதைக்குப் பக்கத்தில் ஒரு பங்களாவைப் பிடித்து, எட்டுக் கட்டில் போட்டு, வெள்ளை விரிப்பு விரித்து, இலவசப் பிரசவ வீடு என்று பலகை மாட்டினார்.

ஒருத்திகூட வரவில்லை.

மாதங்கள் போயின. சமையலுக்கு வைத்திருந்த மாரியாயி சோறாக்கி நானும் துரைசானியும் அவளும் சாப்பிட்டோம். ரயில்வே லயங்களில் பெண்கள் இருட்டறையில் பெற்றுக்கொண்டுதான் இருந்தார்கள், சிலர் செத்துக்கொண்டும் இருந்தார்கள். எங்கள் பங்களாவை மட்டும் சுற்றிக்கொண்டு போனார்கள். காரணம் எனக்குத் தெரியும். தலைப்பிரசவத்துக்குப் பெண் போக வேண்டியது தாய்வீட்டுக்கு. கடல் கடந்து வந்த இந்தப் பெண்களில் பாதிப் பேருக்குத் தாய்வீடே கிடையாது. அதற்காக, தர்மத்துக்குப் போட்ட கட்டிலில் போய்ப் படுத்தால் தான் நாதியற்றவள் என்று ஊருக்கே தண்டோரா போட்ட மாதிரி ஆகும். அதைவிட இருட்டறை மேல்.

துரைசானி தினமும் காலையில் என்னிடம், ஏன் வரவில்லை, ஏன் வரவில்லை என்று கேட்பார். ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. கூப்பிடாத வீட்டுக்கு யார் வருவார்கள், தாய் என்றால் வளையலும் சோறும் கொண்டுபோய்ப் போட்டு மகளைக் கையோடு கூட்டிக்கொண்டு வருவாள், நீங்களும் போய்க் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று பொரிந்துவிட்டேன். குத்தலாகத்தான் சொன்னேன். எங்கள் யாழ்ப்பாணத்தில் இந்த வளைகாப்பு அவ்வளவாகக் கிடையாது, இங்குள்ள இந்தியத் தமிழர் செய்வதைப் பார்த்திருந்தேன், அவ்வளவுதான். துரைசானி எழுந்துபோய்த் தொப்பியை எடுத்தார். வளையல் எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டார்.

மாரியாயி பாசாரில் வளையல் வாங்கி, புளிச்சோறும் எலுமிச்சைச் சோறும் கிளறினாள். யாரிடம் போவது என்று யோசித்து இராஜம்மாவிடம் போனோம். தண்டவாளம் போடும் கூட்டத்தில் வேலை பார்த்த கன்னையாவின் மனைவி அவள். இந்த ஊருக்கு வந்த புதிதிலேயே தாயைப் பறிகொடுத்தவள், பத்தொன்பது வயது, ஒன்பதாம் மாதம். கேள்வி கேட்க ஆளில்லாத பெண் என்பதால் கன்னையா அவளை இஷ்டத்துக்கு அடிப்பான். உனக்கு யாரு இருக்கா என்று கேட்டுக் கேட்டு அடிப்பான் என்று லயம் முழுக்கத் தெரியும்.

லயத்து வாசலில் கூட்டம் கூடிவிட்டது. வளையல் போடும் நேரத்தில்தான் மூத்த பெண்கள் முணுமுணுத்தார்கள். துரைசானி கல்யாணம் ஆகாதவர், நான் தாலி அறுத்தவள், மங்கல காரியத்தில் இந்த இரண்டு கையும் ஆகாது. நான் அதைத் துரைசானிக்குச் சொல்லிவிட்டுத் திரும்பிப் போகத் தயாரானேன். அப்போது இராஜம்மா கையை நீட்டினாள்.

"அம்மா வீட்டுலேர்ந்து வந்தவங்க யாரா இருந்தா என்ன," என்றாள். "போடட்டும்."

துரைசானி போட்டார். போட்டாரா, போர் புரிந்தாரா என்று தெரியவில்லை. முதல் வளையல் முட்டியில் மாட்டி உடைந்தது, அடுத்ததும் உடைந்தது, இராஜம்மாவின் கை கீறி ரத்தம் வந்தது. வளைகாப்பில் வளையல் உடைவது நல்ல சகுனம் இல்லை, பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். இராஜம்மா பல்லைக் கடித்துக்கொண்டு நீட்டிய கையை இழுக்காமல் இருந்தாள். கடைசியில் ஏறிய வளையல்களோடு நடந்தே எங்கள் பங்களாவுக்கு வந்தாள். வாசலில் மாரியாயி ஆரத்தி எடுத்தாள். சகுனமெல்லாம் பொய்யாகி, பத்தாம் நாள் ஆண் குழந்தை பிறந்தது.

அதற்குப் பிறகு வளையல் கொண்டுபோகாத மாதம் இல்லை. செந்தூலிலிருந்தும் சுங்கை வேயிலிருந்தும் ஆள் வந்து, எங்க வீட்டுக்கு எப்ப வர்றீங்க என்று கேட்டுப் போனார்கள். கட்டில் போதவில்லை. பெண்கள் அவரை அம்மா என்றார்கள். குழந்தையோடு திரும்பிப் போகிறவளுக்கு அவர் அரைஞாண் கயிறும் வசம்பு வளையலும் புதுச்சேலையும் கொடுத்து அனுப்பினார். இதெல்லாம் அவருக்கு ஒரு விளையாட்டுப் போலத்தான் இருந்தது என்பது எனக்குத் தெரியும். அவர்களுக்கு விளையாட்டாக இல்லை. அந்த வித்தியாசம் ஒருநாள் தடுக்கி விழவைக்கும் என்று நான் நினைத்திருக்க வேண்டும், நினைக்கவில்லை.

மூன்று வருஷம் கழித்து அது தடுக்கியது. லண்டனில் வெளிவரும் ஒரு மாதப் பத்திரிகையில் துரைசானி இந்தக் கதையை எழுதினார். பிரசவ வீட்டுக்கு நன்கொடை சேர்க்கத்தான் எழுதினார். நன்கொடை வந்தது. ஆனால் அவர் பேனாவுக்குக் கேலி செய்யாமல் நாலு வரி எழுத வருமா? கண்ணாடி வளையலைத் தூண்டிலில் மாட்டிக் கூலிப் பெண்களைப் பிடித்த விதம், தாய் வேஷம் கட்டிய தன் சின்ன நாடகம், அதை நம்பிய அப்பாவிகள் என்று சிரிக்கச் சிரிக்க எழுதியிருந்தார். ரயில்வே ஆபீஸ் கிளார்க் கார்த்திகேசு வாசகசாலையில் அதைப் படித்துவிட்டு வீட்டில் சொன்னார். அவருடைய மனைவி குழாயடியில் சொன்னாள். குழாயடியில் சொன்னால் போதாதா, சாயங்காலத்துக்குள் லயம் முழுக்கத் தெரிந்துவிட்டது.

மறுநாள் இராஜம்மா என்னைத் தேடி வந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. அழவும் இல்லை.

"வேசமா நர்ஸம்மா அது?" என்று கேட்டாள். "என்னைக் கூட்டிக்கிட்டுப் போனது?"

நேரே துரைசானியிடம் போய், நீங்கள் செய்தது உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்று சொன்னேன். பணத்துக்காக எழுதியது, லண்டனில் இருப்பவர்கள் சிரித்தால்தான் பையைத் திறப்பார்கள் என்றார். அப்படியானால் அவர்களுக்கே வளையல் போடுங்கள் என்று சொல்லிவிட்டு வேலையை விட்டேன். அது முதல் தடவை. கட்டில்கள் மறுபடி காலியாயின. வளையல் கொண்டுபோன வீட்டில் கதவைச் சாத்தினார்கள் என்று மாரியாயி வந்து சொன்னாள்.

அந்த மாதக் கடைசியில் இராஜம்மா ஒரு தகரப் பெட்டியும் இடுப்பில் பிள்ளையுமாக என் வீட்டு வாசலில் நின்றாள். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. துரைசானி எழுதியது கன்னையாவின் காதுக்கும் போயிருந்தது. உங்கம்மா வீடு வேசம்னு அவளே எழுதிட்டாளாமே, இப்ப உனக்கு யாரு இருக்கா என்று கேட்டு அடித்திருக்கிறான். இந்த மூன்று வருஷம் அவன் கை கொஞ்சம் அடங்கியிருந்தது எதனால் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

பங்களாவுக்குப் போகலாம் என்றேன். இராஜம்மா அசையவில்லை.

"அது எங்கம்மா வீடு இல்லேன்னு ஆயிடுச்சே," என்றாள். "எந்த மொகத்தோட போறது?"

"நீ வா பிள்ளை," என்றேன். "அவவிட்டையே கேப்பம்."

நாங்கள் போன நேரம் பங்களாவில் கமிட்டிக் கூட்டம். நன்கொடை சேர்க்க உதவிய நாலைந்து வெள்ளைக்காரிகள் வராந்தாவில் தேநீரோடு உட்கார்ந்திருந்தார்கள். இராஜம்மா கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டாள். முன்பெல்லாம் அவள் பின்கட்டு வழியாக விறுவிறுவென்று நுழைந்து, அடுக்களையில் பானையைத் திறந்து பார்ப்பவள். இப்போது துரைசானி படியிறங்கி வந்ததும் தலையைக் குனிந்தபடி, உள்ளே வரலாமா துரைசானி என்று கேட்டாள். நான் மொழிபெயர்க்க வாயெடுத்தேன், துரைசானி கையை உயர்த்தித் தடுத்தார். அம்மா என்ற சொல் போய்த் துரைசானி என்ற சொல் வந்திருந்தது, அது அவருக்குப் புரிந்திருந்தது. அவர் முகம் சுண்டிப்போனது.

பின்னாலிருந்து கமிட்டித் தலைவி குரல் கொடுத்தார். இது பிரசவ வீடு, புருஷனை விட்டு ஓடிவரும் பெண்களுக்குச் சத்திரம் இல்லை, ஒருத்தியை விட்டால் நாளைக்கு ஊரே வரும், அனுப்பிவிடுங்கள் ஹாரியட் என்றார். நியாயமான பேச்சுத்தான். நியாயம் எல்லாக் காலத்திலும் நல்ல நாற்காலியில் உட்கார்ந்துகொண்டுதான் பேசும்.

துரைசானி என் பக்கம் திரும்பினார். மெல்லிய குரலில் தன் அப்பாவைப் பற்றிச் சொன்னார். அப்பா செத்த வாரமே பிறந்து வளர்ந்த வீடு அண்ணனுடையதாகிவிட்டதாம். அது அவர்கள் வழக்கம். அன்றிலிருந்து அண்ணி கடிதம் போட்டால்தான் போக முடியும், எந்தத் தேதியில் வரலாம், எந்தத் தேதியில் கிளம்ப வேண்டும் என்று அதில் எழுதியிருக்குமாம். மலாயாவில் தங்கிவிட்டதற்கு அந்தப் பெண் செத்தது மட்டும் காரணம் இல்லை என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. பிறகு அவர் குனிந்து தகரப் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டார். மூன்று வருஷமாக மாரியாயியிடம் பொறுக்கிய தமிழில், வராந்தா வரைக்கும் கேட்கும்படி சொன்னார்.

"மகள் அம்மா வீட்டுக்குக் கேட்டா வரும்?"

இராஜம்மா அப்போதுதான் அழுதாள். நானும் அழுதேன், எழுத வெட்கமில்லை.

மறுநாள் பகலில் கன்னையா கேட்டில் வந்து நின்று கத்தினான். மாப்பிள்ளை கோபமாக வந்தால் தாய்வீட்டில் என்ன செய்வார்கள் என்று துரைசானி என்னைக் கேட்டார். முதலில் சோறு போடுவார்கள், பிறகு கேள்வி கேட்பார்கள் என்றேன். அதே வரிசையில் செய்தார். சாப்பாட்டு மேஜையில், அவர் அப்பா பிரபுவின் படத்துக்குக் கீழே, கன்னையாவை உட்கார வைத்து வாழையிலை போட்டார். மாரியாயி வைத்த கோழிக் குழம்பைத் தன் கையாலேயே பரிமாறினார். போலீஸ் வரும், அடிவாங்கலாம் என்று தயாராக வந்தவன் அவன். வெள்ளைக்காரி குனிந்து சோறு போடுவாள் என்று எப்படித் தயாராவது? தலையைத் தூக்காமல் தின்றான். அவன் கையலம்பி வந்த பிறகு, பாடம் பண்ணி வைத்திருந்ததைத் துரைசானி கேட்டார்.

"எங்க பொண்ண ஏன் அடிச்சீங்க மாப்பிள்ளை?"

கன்னையா சுவரைப் பார்த்தான், பிரபுவைப் பார்த்தான், தரையைப் பார்த்தான்.

"குடிச்சிருந்தேன் அத்தை," என்றான்.

கன்னையா அன்றோடு திருந்திவிட்டான் என்று எழுத எனக்கும் ஆசைதான். திருந்தவில்லை. அதற்குப் பிறகும் கை நீட்டினான். ஒவ்வொரு முறையும் இராஜம்மா பெட்டியோடு வந்தாள், ஒவ்வொரு முறையும் அவனுக்கு இலை போடப்பட்டது, கேள்வி கேட்கப்பட்டது. போகப் போக அந்தச் சோற்றுக்குப் பயந்தே அடங்கினான். உனக்கு யாரு இருக்கா என்று மட்டும் அவன் மறுபடி கேட்கவில்லை.

இந்தச் சங்கதி வெள்ளைக்காரர் கிளப்புக்குப் போய், கிள்ளானுக்கும் போனது. ராபர்ட் காரை ஓட்டிக்கொண்டு வந்து கூச்சல் போட்டான். கூலிக்காரன் உங்களை அத்தை என்று கூப்பிடுகிறான், குடும்பத்தின் பெயர் சிரிப்பாய்ச் சிரிக்கிறது, இதை நிறுத்தும் வரை என் வீட்டுப் படியேற வேண்டாம் என்றான். இங்கிலாந்தில் இருக்கும் தன் அப்பா அம்மாவுக்கும் எழுதிவிட்டதாகச் சொன்னான். அண்ணியின் கடிதங்கள் அதோடு நின்றன. கமிட்டியும் கலைந்தது. துரைசானி அந்த வருஷமே இன்னொரு புத்தகம் எழுதினார், பிரசவ வீட்டைப் பற்றித்தான். அதில் தூண்டில் இல்லை, நாடகம் இல்லை, அப்பாவிகளும் இல்லை. தான் வேஷம் கட்டியதாக எழுதியது பொய், எழுதும்போது அது பொய் என்று தனக்குத் தெரியாது என்று வெளிப்படையாக எழுதியிருந்தார். அவர் எழுதியதில் எனக்குப் பிடித்தது அது ஒன்றுதான். யாரும் வாங்கவில்லை.

அதற்குப் பிறகு பத்து வருஷம். கட்டில் எட்டு, நாலானது. மகள்கள் மட்டும் பெருகிக்கொண்டே போனார்கள். தீபாவளிக்கு முதல் நாள் கேட்டிலிருந்து அடுக்களை வரை பிள்ளைகள். காதுகுத்துக்குக் கூப்பிடுவார்கள், சடங்குக்குக் கூப்பிடுவார்கள், மாமியார் சண்டைக்கும் கூப்பிடுவார்கள். மழையோ வெயிலோ துரைசானி தொப்பியைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். எந்த வீட்டில் என்ன சீர் வைக்க வேண்டும் என்று எங்களுக்குள் நடக்காத சண்டை இல்லை. நான் இரண்டாம் தடவை வேலையை விட்டது ஒரு வெள்ளிக் கொலுசு விஷயத்தில். வளையல் மட்டும் கடைசி வரை உடைத்துக்கொண்டுதான் இருந்தார்.

1935ஆம் வருஷம், ஆடி மாதம், காய்ச்சலில் படுத்து ஒரு வாரத்தில் போய்விட்டார். ராபர்ட்டுக்குத் தந்தி அடித்தேன். வருவான் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

அவரைச் சவப்பெட்டியில் வைத்துக் கூடத்தில் கிடத்தியிருந்தோம். செராஸ் ரோட்டு மயானத்துக்குக் கொண்டுபோகப் பாதிரியார் வந்து காத்திருந்தார். கூடம், வராந்தா, தோட்டம் எல்லாம் பெண்கள். இராஜம்மா தலைமாட்டில் உட்கார்ந்து, துரைசானியின் பெரிய எலும்புக் கைக்கு எண்ணெய் தடவி, முட்டிகளை ஒவ்வொன்றாக அமுக்கிப் பச்சைக் கண்ணாடி வளையலை ஏற்றினாள். ஒன்றுகூட உடையவில்லை. அதற்குப் பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை. மடியில் ஒரு புதுச்சேலையை வைத்துக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு பெண் செத்தால் அவள் பிறந்த வீட்டிலிருந்து கோடிச்சேலை வந்து போர்த்த வேண்டும். எத்தனை பிள்ளை பெற்றவளானாலும் கடைசித் துணி பிறந்த வீட்டுடையது. அது வராமல் எடுக்க மாட்டார்கள். இந்த ஊரில் அது எத்தனை பேருக்கு வராமல் போயிருக்கிறது என்று இராஜம்மாவுக்குத் தெரியும், அவளுடைய தாய்க்கும் வரவில்லை. பாதிரியார் இருமுறை கடிகாரத்தைப் பார்த்தார். கொஞ்சம் பொறுங்கள் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போது வாசலில் கார் சத்தம் கேட்டது.

ராபர்ட் கறுப்பு உடுப்பில், தொப்பியைக் கையில் பிடித்தபடி கதவோரமாக நின்றான். நரைத்துப்போயிருந்தான். அவுங்க அண்ணன் மகன்தானே என்று இராஜம்மா என்னிடம் கேட்டாள். ஆமாம் என்றதும் எழுந்து கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அந்தச் சேலையை அவன் முன் நீட்டினாள். அவன் என்னைப் பார்த்தான். நான் வழக்கத்தைச் சொன்னேன். அவன் முகம் சிவந்தது. பத்து வருஷமாக நான் இவருடன் பேசவில்லை, எனக்கு இதற்குத் தகுதி கிடையாது, நெருக்கமானவர்கள் யாராவது செய்யட்டும் என்றான். அதை அப்படியே தமிழில் சொன்னேன்.

இராஜம்மா சேலையை இழுத்துக்கொள்ளவில்லை.

"பொறந்த வீட்டுலேர்ந்து வந்தவங்க யாரா இருந்தா என்ன," என்றாள். "போடட்டும்."

ராபர்ட் தொப்பியை என்னிடம் கொடுத்துவிட்டுச் சேலையை வாங்கினான். கோணலாகத்தான் போர்த்தினான், ஒரு பக்கம் தரையில் தொங்கியது. யாரும் அதைச் சரிசெய்யப் போகவில்லை. போர்த்திவிட்டு அங்கேயே நின்றான். இராஜம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"இப்ப தூக்கச் சொல்லுங்க நர்ஸம்மா," என்றாள். "அம்மாவுக்குப் பொறந்த வீட்டுலேர்ந்து ஆள் வந்துட்டாங்க."